உட்காரக் கூடாதவரின் நாற்காலி

1

இந்தக் கதை ஒரு மதுக்கூடத்தில் பிறந்தது. அலுவலக நண்பர் ஒருவர் வேலையை விட்டுப் போனார். வழியனுப்பு விருந்து என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. என்னைப் போன்றவர்களுக்கு இரைச்சலான இடங்கள் நல்லவை. சும்மா இருந்தாலும் ஏன் சும்மா இருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

பழைய வங்கிக் கட்டடம் அது. வங்கி வேறு இடத்துக்குப் போன பிறகு ‘கன்னக்கோல்’ என்ற பெயரில் மதுக்கூடம் திறந்திருக்கிறார்கள். காசாளர் கூண்டுக்குள் நின்றுகொண்டு கண்ணாடியின் அடிப்பிளவு வழியாகக் கோப்பையை நீட்டுகிறார்கள். நம் முறை வந்தால் சுவரில் டோக்கன் எண் எரிகிறது. பெட்டக அறைக்குள் ஆட்டம். குடிவகைகளுக்கு ‘முன்ஜாமீன்’, ‘தலைமறைவு’, ‘பிறழ்சாட்சி’ என்றெல்லாம் பெயர். நான் எலுமிச்சை சோடா கேட்டேன். அதன் பெயர் ‘அப்ரூவர்’.

எல்லாம் ஒரு கொள்ளையின் பெயரால். எத்தனையோ வருடங்களுக்கு முன் அந்த வங்கியில் பட்டப்பகலில் கொள்ளையடித்திருக்கிறார்கள். கொள்ளையர் விட்டுப்போன கையுறை, கிழிந்த சாக்கு, முகத்தில் கட்டியிருந்த கைக்குட்டை எல்லாம் இப்போது கண்ணாடிப் பெட்டிகளில், விளக்கு வெளிச்சத்தில். நடுநாயகமாக ஒரு மேடை. மேடைமேல் ஒரு நாற்காலி, அதன் கையில் சுற்றிய கயிறு. கீழே ஓர் அட்டை:

‘கொள்ளை நடந்தபோது காவலாளி தூங்கிக்கொண்டிருந்த நாற்காலி. கட்டிப்போட்டதுகூட அவருக்குத் தெரியாது.’

வருகிறவர்கள் வரிசையில் நின்று அதில் உட்காருகிறார்கள். நண்பர்கள் கயிற்றைச் சுற்ற, தலையைத் தொங்கப்போட்டு, வாயைப் பிளந்து, குறட்டை விட்டு, படம் எடுத்துக்கொள்கிறார்கள். என்னையும் உட்கார வைத்தார்கள். படம் நன்றாகவே வந்திருக்கிறது.

மறுநாள் என் வங்கிக்குப் போனேன். வாசலில் காவலாளி நின்றுகொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏன் என்று கேட்டேன்.

“உட்காரக் கூடாது சார். உட்கார்ந்தா சீட்டு கிழிஞ்சிடும்.”

சுற்றுமுற்றும் பார்த்தேன். அவருக்கென்று ஒரு முக்காலிகூட இல்லை. அப்படியானால் அந்த நாற்காலி எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விதான் கதை. இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘மதிய வெயில் வங்கியின் படிகளில் சோம்பலாகப் படுத்திருந்தது.’ வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே முதல் பக்கத்தில் மூடி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது: ‘அவர் செய்த ஒரே குற்றம்

இதை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

மூன்றாவது: ‘தூணார் வாழ்க்கையில் உட்கார்ந்ததைவிட நின்றதுதான் அதிகம்.’ இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

தூணார் வாழ்க்கையில் உட்கார்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். நெடுநெடுவென்று வளர்ந்தவர். வங்கி வாசலில் காவலுக்கு நின்ற காலத்தில் ஊழியர்கள் அவரைத் ‘தூண்’ என்றார்கள். தலை நரைத்ததும் மரியாதைக்கு ஓர் ‘ஆர்’ ஒட்டிக்கொண்டது. பேருந்தில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பதும் கதவருகே நின்றுதான்.

“வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நிக்காதீங்க. எப்படா கிளம்புவாருன்னு தோணுது” என்பாள் மனைவி.*

[* இந்த மனைவிக்கு முதலில் ஒரே ஒரு வசனம்தான் வைத்திருந்தேன். இதுதான் அது. பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.]

3

கொள்ளை நடந்தது மதிய இடைவேளையில். கூட்டம் வடிந்திருந்தது. முகத்தில் கைக்குட்டை கட்டிய சிலர் உள்ளே புகுந்து, ஊழியர்களைச் சாப்பாட்டு அறைக்குள் தள்ளிப் பூட்டினார்கள். தூணாரைக் கவனிக்கும் பொறுப்பு அவர்களில் இளையவனுக்கு. அவனுக்குக் கடுமையான சளி. கைக்குட்டைக்குள்ளேயே தும்மிக்கொண்டிருந்தான். அவரை நிற்கவைத்துக் கட்டடத் தூணோடு சேர்த்துக் கட்டப் பார்த்தான். கயிறு எட்டவில்லை.

“கயிறு பத்தலண்ணே” என்றான், ஏதோ அவரிடம் யோசனை கேட்பதுபோல.

“அதுக்கு நான் என்னப்பா பண்ண?”

“இருங்க, வரேன்.”

மேலாளர் அறைக்குள் ஓடி, சக்கரம் வைத்த நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

“உட்காருங்கண்ணே.”

“உட்காரக் கூடாதுப்பா.”

“ஏன், மூலமா?”

“ரூல்ஸ்.”

இளையவன் ஒரு நொடி அவரையே பார்த்தான். “அண்ணே, நான் கொள்ளையடிக்க வந்திருக்கேன். எங்கிட்ட ரூல்ஸ் பேசுறீங்களே!” என்று தோளை அழுத்தினான்.

உட்கார்ந்தார். மெத்தை அமுங்கிப் பெருமூச்சு விட்டது. வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அந்தக் கட்டடத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சுகமாக இருந்தது. அந்தச் சுகத்துக்காக உடனே வெட்கப்பட்டார்.

இளையவன் அவர் வாயில் துணியை அடைத்து, கைகளை நாற்காலியோடு கட்டிவிட்டு உள்ளே போனான். கால்களைக் கட்ட மறந்துவிட்டான். மேலாளர் குள்ளமானவர், நாற்காலியும் அவர் உயரத்துக்குத் தாழ்ந்தே இருந்தது. தூணாரின் பாதங்கள் தரையில் நன்றாகப் பதிந்தன. குதிகாலை ஊன்றிப் பின்பக்கமாக ஓர் உந்து உந்தினார். நாற்காலி நகர்ந்தது. இன்னோர் உந்து. முதுகால் கதவைத் தள்ளி, வாசலின் சரிவுப் பாதைக்கு வந்தார். அதற்குப் பிறகு உந்தத் தேவைப்படவில்லை.

சரிவில் பின்பக்கமாகவே உருண்டு, கீழே வரிசையாக நிறுத்தியிருந்த இருசக்கர வண்டிகள்மேல் போய் மோதினார். வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்த சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. கொள்ளையர்களும் பார்த்தார்கள். கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு பின்வழியாக ஓடிவிட்டார்கள். பெட்டகம் தப்பித்தது.

[இங்கே கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேனா? ஒரு மனிதர் நாற்காலியோடு தெருவுக்கு உருண்டு வருவதை நம்ப முடிகிறதா? எழுதியதை அடித்துவிட்டு, அவர் மெதுவாக நகர்ந்து அபாய மணியை முழங்கையால் அழுத்தியதாக மாற்றி எழுதினேன். நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆனால் மணியை அழுத்தியவருக்குப் பதக்கம் கொடுத்திருப்பார்கள். இந்த அட்டையை எழுதியிருக்க மாட்டார்கள். ஆகவே உருளட்டும்.]

அவர் உந்தியதை யாரும் பார்க்கவில்லை. ஊழியர்கள் அறைக்குள் பூட்டிக் கிடந்தார்கள். தெருவில் இருந்தவர்கள் கண்டது, கட்டிய கோலத்தில் சரிந்து கிடந்த ஒருவரைத்தான். கொள்ளையர்தான் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். நாற்காலியை நிமிர்த்தி, வாயிலிருந்த துணியை எடுத்தார்கள். அதற்குள் ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். முகத்துக்கு நேரே வெயில். தூணார் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் படத்துக்குக் கீழே ‘தூங்கிய காவலாளி’ என்று வந்தது.

காவல் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் பத்திரிகையை மேசைமேல் விரித்தார்.

“தூங்கினியா?”

“இல்ல சார்.”

“உட்கார்ந்தியா?”

தூணாருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“உட்கார்ந்தேன் சார்.”

அவ்வளவுதான். சீட்டு கிழிந்தது.

4

அதன்பிறகு தூங்கும் காவலாளியை வேலைக்கு வைக்க யாரும் தயாராக இல்லை. ஒரு துணிக் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கினார். (நின்றுகொண்டே செய்யும் வேலை.) மகளைப் பள்ளியில் சில காலம் ‘தூங்குமூஞ்சி மக’ என்றார்கள். அப்புறம் ஊர் மறந்தது, அவரும் மறந்ததுபோல இருந்தார். மதுக்கூடம் மட்டும் வராமலிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

மகளுக்கு இப்போது வேலை கிடைத்திருக்கிறது. ஒருநாள் மாலை, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் முன்னால் கைபேசியை நீட்டினாள். அலுவலகத் தோழி ஒருத்தி நாற்காலியில் வாயைப் பிளந்து சாய்ந்திருக்கும் படம். கீழே அந்த அட்டை.

“நேத்து ஆபீஸ்ல எல்லாரும் போயிருந்தோம்பா. என்னையும் உட்காரச் சொன்னாங்க.”

“உட்கார்ந்தியா?”

“இல்ல. தலைவலின்னு சொல்லிட்டேன்.” செருப்பைக் கழற்றிக்கொண்டே, “அது யாருன்னு நான் சொல்லலப்பா” என்றாள்.

தூணார் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். தூங்குமூஞ்சி என்றபோதுகூட இவ்வளவு சுருக்கென்று தைக்கவில்லை. அப்போது ஊர் சொன்னது. இப்போது மகள் சொல்லாமல் விட்டிருக்கிறாள்.

அடுப்படியிலிருந்து மனைவி வந்து அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“கட்டிப்போட்டதுகூடத் தெரியாதாமா? எந்தக் கட்டையில போறவன் எழுதினான் இதை? கொசு கடிச்சா முழிச்சுக்கிற மனுஷன் இவரு!”

“விடு” என்றார் தூணார்.

“எதை விட? நீங்க உட்கார்ந்ததை வெச்சு அவங்க கல்லா கட்டுறாங்க. நாளைக்குப் போறோம்.”

“அது குடிக்கிற இடம்.”

“நான் என்ன குடிக்கவா கூப்பிடுறேன்?”

மகள் சொன்னாள்: “நாளைக்கு ஆபீஸ் முடிஞ்சு திரும்பவும் அங்கதான் போறோம்மா. வேற ஒருத்தருக்குப் பிறந்தநாள்.”

“அப்போ நல்லதாப் போச்சு” என்றாள் அம்மா. “நீ வர்றதுக்குள்ள அந்த அட்டை மாறியிருக்கும்.”

5

இந்த இடத்தில் ஒரு வாரம் எழுதாமல் கிடந்தேன்.

தூணார் தனியாக அந்த மதுக்கூடத்துக்குப் போக மாட்டார். எனக்கு அவரைத் தெரியும். அவரிடம் என் சாயல் இருக்கிறது. அநியாயத்தை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிற ஆள். அவரை நம்பியிருந்தால் கதை அவர் வீட்டுக் கதவருகே நின்றுகொண்டே இருந்திருக்கும். அதனால்தான் மனைவிக்கு இரண்டாவது வசனம் கொடுத்தேன். மூன்றாவதை அவளே எடுத்துக்கொண்டாள். இப்போது அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். எழுதாமல் இருந்தால் என்னையும் ஒரு பிடி பிடிப்பாள்.

6

பகலில் மதுக்கூடம் ஒப்பனை கலைத்த முகம்போல இருந்தது. ஈரத் தரையில் சோப்பு நுரையின் வாசம். பெட்டக அறையின் கனத்த கதவு திறந்து கிடந்தது. உள்ளே கண்ணாடிச் சில்லுகள் பதித்த உருண்டை சுழலாமல் தொங்கியது. நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி, கால்களை மேடையோடு திருகி வைத்திருந்தார்கள்.

முதலாளி ஓர் இளம்பெண். காசாளர் கூண்டுக்குள் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் திறக்கல ஆன்ட்டி.”

“நாங்க குடிக்க வரல. இவரு உட்கார்ந்த நாற்காலியைப் பார்க்க வந்தோம்.”

கத்தி நின்றது. அவள் தூணாரை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தாள். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “அந்த வாட்ச்மேனா? அங்கிள், நீங்க உயிரோட இருக்கீங்களா?”

“வேற எப்படி வந்து நிப்பாரு?” என்றாள் மனைவி.

அங்கிள் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா, அங்கிள் ஒரு கையெழுத்து, அங்கிள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று பெண் கூண்டிலிருந்து வெளியே ஓடிவந்தாள். நல்ல பெண். கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் நறுக்குகிற கையில் கெட்டத்தனம் ஒட்டவில்லை. மனைவி எல்லாவற்றையும் சொன்னாள்: கயிறு எட்டாதது, சளி பிடித்தவன், சரிவுப் பாதை, வண்டிகள். தூணார் நடுவில் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: “ஏழு வண்டி இல்ல. அஞ்சு.”

பெண் விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சத்தியமா எனக்குத் தெரியாது அங்கிள். பேப்பர்ல வந்ததைத்தான் போட்டேன். மாத்திடறேன். ஆனா...”

“ஆனாவா?” என்றாள் மனைவி.

“ஒருத்தர் இருக்காரு. இப்ப வந்துடுவாரு.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் காக்கிச் சட்டையோடு உள்ளே வந்தார். பேருந்து ஓட்டுநர். விடியலின் முதல் பேருந்தை எடுப்பவர். கண்களுக்குக் கீழே கருவளையம். இவர்களைப் பார்த்ததும், “வரிசையாண்ணே? நீங்க முதல்லயா?” என்று கேட்டார்.

“எதுக்கு வரிசை?” என்றார் தூணார்.

“தூங்கத்தான்.”

வீட்டில் கட்டிலில் படுத்தால் கொட்டக் கொட்ட விழித்திருப்பாராம். மாத்திரை, எண்ணெய், வெந்நீர்க் குளியல் எதுவும் பலிக்கவில்லை. வண்டி ஓட்டும்போது கண் சொக்கி ஒருதடவை நடைபாதையில் ஏற்றிவிட்டார். நல்லவேளை, யாரும் இல்லை. நண்பர்கள் ஒரு மாலை இங்கே கூட்டிவந்து விளையாட்டுக்கு உட்கார வைத்திருக்கிறார்கள். குறட்டை விடுவதுபோல நடிக்கப் போய் நிஜமாகவே தூங்கிவிட்டார். அதிலிருந்து, மதுக்கூடம் திறப்பதற்கு முன்னால் வந்து தூங்கிவிட்டுப் போகிறார். இந்தப் பெண்ணும் அனுமதிக்கிறாள்.

“நாற்காலியில அப்படி என்ன இருக்கு?” என்று மனைவி கேட்டாள்.

“அட்டையைப் படிங்கக்கா. கட்டிப்போட்டதுகூடத் தெரியலயாம். சுத்தி கொள்ளையே நடக்குது, மனுஷன் தூங்குறாரு. எவ்வளவு நிம்மதியான மனசு! அதை நினைச்சுக்கிட்டே உட்காருவேன். எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்குது.”

மனைவி வாயைத் திறந்தாள். தூணார் அவள் கையை மெல்ல அழுத்தினார். திறந்த வாய் மூடியது. இந்தக் கதையில் அது ஒரே ஒரு தடவைதான் நடக்கிறது.

ஓட்டுநர் உட்கார்ந்தார். கயிற்றை மடியில் போர்வைபோலப் போட்டுக்கொண்டார். அட்டையை ஒருமுறை பார்த்தார், கண்ணை மூடினார்.

பெண் கூண்டுக்குள் போய் வெள்ளை அட்டையும் பேனாவும் எடுத்துவந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“நீங்களே எழுதுங்க அங்கிள். உங்க நாற்காலி. நீங்க என்ன எழுதினாலும் அப்படியே வைக்கிறேன். ரெண்டு வரிதான் பிடிக்கும்.”

7

இனி முடிவுகள். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன்.

தூணார் உண்மையை எழுதுகிறார்: ‘இந்த நாற்காலியில் யாரும் தூங்கவில்லை. கட்டிய நிலையில் உருண்டுபோய் வங்கியைக் காப்பாற்றினார் காவலாளி.’ மகள் வருகிறாள், படிக்கிறாள், தோழிகளிடம் “இது எங்கப்பா” என்கிறாள். கைதட்டல். நானும் தட்டினேன். ஆனால் ஓட்டுநர் கண் விழித்ததும் அவரும் படிப்பார். நாளையிலிருந்து அந்த நாற்காலியில் அவர் மனம் சரிவுப் பாதையில் உருண்டுகொண்டிருக்கும். விடியற்காலைப் பேருந்தில் ஏறுகிறவர்களை நினைத்துப் பார்க்கிறேன். சில நாள் நானும் ஏறுவதுண்டு.

இன்னொன்று: தூணார் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். பழைய அட்டையே இருக்கட்டும், ஒரு மனிதன் தூங்கட்டும் என்று வெளியேறுகிறார். எழுதும்போது கண் கலங்கியது, அதனாலேயே சந்தேகம் வந்தது. தியாகிகளை உருவாக்குவது எனக்குச் சுலபம், செலவு அவர்களுடையது. அதோடு, இன்றைக்கும் மகளுக்குத் தலைவலி வரவேண்டியிருக்கும்.

முதலாளிப் பெண்ணின் யோசனை வேறு. பழைய சாமான் கடையில் இன்னொரு நாற்காலி வாங்கி, இதுதான் தூங்கிய நாற்காலி என்று ஓரமாகப் போட்டுவிடலாமாம். “அப்போ அந்த நாற்காலியில தூங்கினது யாரு?” என்று தூணார் கேட்டார். யாருமில்லை. ஏற்கெனவே ஒரு பொய்யோடு மாரடிக்கிறோம், இரண்டாவது எதற்கு?

மனைவியும் ஒன்று சொன்னாள். முழுதாக எழுத முடியாது. மேற்பார்வையாளரின் பிறப்பைப் பற்றியது. இரண்டு வரியில் அடங்கவும் இல்லை.

8

ஆகவே இதுதான் நிலைமை.

தூணார் கையில் வெள்ளை அட்டை. இத்தனை வருடம் கிடைக்காத இடம், கிடைக்காத பேனா. ஒரு சொல் எழுதவில்லை. வெளியே யாரோ தண்ணீர்க் குடங்களை இறக்கும் சத்தம். ஓட்டுநரின் புருவம் சுருங்கியது. தூணார் அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மேடையருகே போய், நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். முதுகு நிமிர்ந்தது. கைகள் தாமாகவே பின்னால் கோத்துக்கொண்டன. வாசலைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். குடங்கள் சத்தமில்லாமல் இறங்கின.

“என்னங்க இது?” என்றாள் மனைவி, கிசுகிசுப்பாக.

“ஷ்ஷ்.”

ஓட்டுநர் பாதிக் கண் திறந்தார். பக்கத்தில் நெடுநெடுவென்று ஓர் உருவம்.

“யாருண்ணே?”

“வாட்ச்மேன்.”

“இருப்பீங்கல்ல?”

“இருப்பேன். தூங்குங்க.”

ஓட்டுநர் அட்டையைப் பார்க்கவில்லை. தலையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உண்மையான குறட்டை ஒன்று எழுந்தது. நடிக்கிறவர்கள் யாருக்கும் அது வராது. முதலாளிப் பெண் கத்தியை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையாகி, திறக்கும் நேரமும் வந்துவிட்டது. வாசலில் செருப்புச் சத்தம். மகளும் அவளுடைய அலுவலகக் கூட்டமும். கதவின் கண்ணாடிக்கு அப்பால் அவள் முகம் தெரிகிறது. மேடையையும், நாற்காலியில் தூங்குகிறவரையும், பக்கத்தில் நிற்கிறவரையும் பார்த்துவிட்டாள். தோழிகளுக்கு அவரைத் தெரியாது. “யாரு அது?” என்று ஒருத்தி கேட்பது உதட்டசைவில் புரிகிறது. மகள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். என்னால் முடிந்ததெல்லாம் இதுவரைதான். அட்டை அவர் பையில் வெறுமையாக இருக்கிறது, அதை உங்களிடம் தருகிறேன். இரண்டு வரி. உண்மையாக இருக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு அந்த மகள் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். அதைப் படித்த பிறகும் அந்த ஓட்டுநர் தூங்க வேண்டும்.

கொஞ்சம் சீக்கிரம். நீங்கள் எழுதி முடிக்கும்வரை அந்த மனிதர் நின்றுகொண்டேதான் இருப்பார்.